வலது ஓரத்து வளைவு

போன மாதம் என் பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். மதுரையில் விளம்பரங்கள் வடிவமைக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. தாள், நிறம், எழுத்து இவைதான் அன்றாடப் பிழைப்பு என்பதால் கண்ணில் பட்ட அட்டையை வாங்கிவிட மாட்டார்கள், தேடித்தான் வாங்கியிருந்தார்கள். கேக்கில் பாதியை என் முகத்தில் அப்பி முடித்த பிறகு உறையைப் பிரித்தேன். அட்டையின் வலது ஓரம் நேராக இல்லை. மேலே கொஞ்சதூரம் ஒழுங்காக வந்து, நடுவில் வயிறு தள்ளினாற்போல் வெளியே வளைந்து, கீழே போய்ச் சேருவதற்குள் நகத்தளவு ஒரு துருத்தல். பக்கத்து இருக்கைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "கையால செஞ்ச மாதிரியே இருக்குல்ல? உங்க ஊர்ல அடிச்சதுதான் தம்பி." நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. அந்த வளைவு எனக்குத் தெரியும். யாருடைய கத்தரிக்கோல் அப்படிப் போனது என்று தெரியும், ஏன் போனது என்றும் தெரியும். அந்தக் காரணம் மட்டும் அட்டையில் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் நாலு ரோஜாப்பூ இருந்தது.

அந்த வளைவு என் அக்காவுடையது. பெரியப்பா மகள். சிவகாசியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் அங்கே சிரித்தால் இங்கே எங்கள் அம்மா என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரிப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அக்கா ஒரு காலண்டர் அச்சகத்தில் சேர்ந்தாள். காலண்டர்களுக்குத் தகரப் பட்டி போடும் பகுதி. அச்சகம் என்றால் வேஸ்ட் தாள் இல்லாமல் இருக்காது. மெஷினில் நிறம் சரியாக விழும்வரை ஓட்டிப் பார்க்கப் புதுத்தாளைப் போட மாட்டார்கள். பழைய தாளையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டுவார்கள். அதனால் ஒரே தாளில் முந்தாநாள் அடித்த தீப்பெட்டி லேபிளும், நேற்றைய ஊறுகாய் விளம்பரமும், இன்றைய லட்சுமியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தத் தாளைப் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். நானும் லட்சுமி தலைக்குமேல் ஊறுகாய் பாட்டில் நிற்கும் அறிவியல் புத்தகத்தைத்தான் சுமந்து படித்தேன். அக்காவின் கண்ணுக்கு மட்டும் அந்தக் கந்தரகோளத்துக்குள் ஏதோ தெரியும். வெட்டுவாள், மடிப்பாள், ஒட்டுவாள். பார்த்தால் வாழ்த்து அட்டை.

எதற்குத்தான் அவள் அட்டை செய்யவில்லை? பெரியப்பா பழைய மொபெட் வாங்கியதற்கு ஒன்று. எங்கள் அம்மா கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்ததற்கு ஒன்று. நான் கணக்கில் தப்பிப் பிழைத்ததற்கு ஒன்று. அதில் கயிற்றிலிருந்து விழப்போகும் குரங்கு, உள்ளே "அடுத்த தடவ பிடிச்சுக்கோலே" என்று அவள் கையெழுத்து. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, கட்டுப் பிரிக்கும்வரை தடவிப் பார்க்கட்டும் என்று நூலைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டி ஒரு பூ செய்து கொடுத்தாள். சொந்தக்காரர்கள் கேலி செய்யாமல் இருப்பார்களா? விசேஷ வீட்டில் அவள் அட்டையை நீட்டினால் வாங்கியவர்கள் முதலில் உள்ளே ரூபாய் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். "வெறும் வாழ்த்துதான் சித்தி. இதக் கொண்டுபோயி வட்டிக்கு விடமுடியாது" என்பாள். வெட்கப்படுகிற ஆளில்லை அவள்.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட மாட்டாள். சாமி படத்தின் குறுக்கே கத்தரிக்கோல் போகாது. கட்டிங் மெஷின் முருகனையும் பிள்ளையாரையும் பாராமல் இரண்டாக நறுக்குவதைத் தினமும் பார்க்கிறவள்தான். காலில் பட்ட சாமித்தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பது அங்கே வழக்கம். "அது மெஷினு, அதுக்குப் பாவம் கெடையாது. நான் என்ன மெஷினாலே?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். ஆகவே சாமியின் கை, காலடித் தாமரை, வாகனத்தின் காது என்று எது ஓரத்தைத் தாண்டி நீண்டாலும் அக்கா அதைச் சுற்றிக்கொண்டுதான் வெட்டுவாள். அவள் அட்டைகள் எந்த உறைக்குள்ளும் அடங்காது. அட்டைக்கேற்ற உறையையும் அவளே செய்தாகவேண்டும்.

முதலாளி மகளின் கல்யாணம் ஆனி மாதம் நடந்தது. அந்தப் பெண்ணும் அக்காவும் ஏறத்தாழ ஒரே வயது. கல்லூரி விடுமுறையில் அச்சகத்துக்கு வந்தால், குளிர்சாதன அறையில் இருக்கப் பிடிக்காமல் இவர்கள் பகுதிக்கு வந்து உட்கார்ந்து அக்காவின் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்புச் சோற்றை எடுத்துத் தின்பாளாம். அக்காவுக்கு அவள்மேல் உண்மையிலேயே பாசம். பணக்கார வீட்டுக்கு நம்மால் என்ன கொடுக்க முடியும் என்று பெரியம்மா கேட்டதற்கு, "அவங்க கடையில வாங்க முடியாதது" என்றாள். மெஷின் ஃபோர்மேன் அன்று கழித்துக்கொடுத்த தாள்களில் ஒன்றில் மயில்மேல் முருகன். அதற்கடியில் எப்போதோ அடித்த கம்பி மத்தாப்பு லேபிள். முருகனைச் சுற்றி மத்தாப்புப் பொறி சிதறியதுபோல் இருந்தது. யாரும் வரைந்ததில்லை, தானாக அமைந்தது. மயிலின் தோகை வலப்பக்கம் நீண்டு வழிந்திருந்தது. அக்கா தோகையின் ஓரமாகவே வெட்டிக்கொண்டு போனாள். கீழே கால்நகம் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதையும் விடவில்லை, சுற்றி வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவள் அதை வெட்டியதை நான் பார்த்தேன். கல்யாணப்பெண் மேடையிலேயே அந்த அட்டையைப் பிரித்துக் காட்டிச் சிரித்தாளாம். அக்கா திரும்பி வந்து அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் கல்யாணச் சாப்பாட்டைவிட அதிகமாகப் பேசினாள்.

இந்த இடத்தில் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்றுதான் வெளிவரும். அன்று பூஜை போட்டு, ஏஜெண்டுகள் கையில் ஆல்பத்தைக் கொடுத்த பிறகுதான் ஆர்டர் ஓடத் தொடங்கும். அதுவரை எந்தக் கம்பெனி எந்தச் சாமியை எப்படிப் போடுகிறது என்பது கமுக்கம். அக்கா வெட்டிய முருகன் அந்த வருடத்துப் புது முருகன். ஆல்பத்துக்காக முன்கூட்டியே ஓட்டிப்பார்த்த தாள் அது. இவளுக்கு அது தெரியாது. இவள் பகுதிக்கு வருவது அச்சாகி முடிந்த காலண்டர்தான். தெரிந்திருக்கவேண்டியவர் கழித்துக்கொடுத்த ஃபோர்மேன். அவரும் கவனிக்கவில்லை. அப்போதும் ஒன்றும் ஆகியிருக்காது. மறுவீட்டுக்குப் போன கல்யாணப்பெண் அந்த அட்டையைப் படம் எடுத்துத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அவள் ஃபோனில் இருந்த எண்களில் பாதி அச்சகக்காரர்களுடையவைதானே. வேறொரு கம்பெனிக்காரர் முதலாளியைக் கூப்பிட்டு, "புது முருகன் நல்லா வந்திருக்காரு" என்று வாழ்த்துச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வெளியேறும்போது, கேட்டில் எல்லோர் முன்னாலும் அக்காவின் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, அவளுடைய வளைந்த கத்தரிக்கோல், பழைய வேஸ்ட் தாள் சில. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று மேனேஜர் குரலிலும் தன் குரலிலும் மாறிமாறிப் பேசிக்காட்டினாள். திரும்ப மெஷின் பகுதிக்குக் கூட்டிப்போய், யாருக்கு விற்றாய் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். "கல்யாண வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லதுக்கு யாரு சார் காசு தருவா?" என்றிருக்கிறாள் இவள். ஊரெல்லாம் படம் எப்படிப் போனது என்றதற்கு, "எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. அதுல படமும் எடுக்க முடியாது, ஸ்டேட்டசும் வைக்க முடியாது. யாரு வச்சாகன்னு உங்களுக்கே தெரியும்" என்றிருக்கிறாள். இதுவரை எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஃபோர்மேனிடம் திரும்பியதைச் சொன்னாள். "அண்ணாச்சி, நீங்கதான குடுத்தீக? சொல்லுங்க." அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஓடாத மெஷினை. அந்த இடத்தில்தான் அக்காவின் குரல் உடைந்தது.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். ஸ்டேட்டஸ் வைத்தவள் முதலாளி மகள். தாளைக் கொடுத்தவர் ஃபோர்மேன். வேலை போனது அக்காவுக்கு. களவாணி என்ற பெயரும் அக்காவுக்கு. பெரியம்மா முதலாளி வீட்டுக்கு நடந்து போனாள். காபி கொடுத்து உட்காரவைத்து, பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். அந்த மகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு விஷயமே தெரிந்திருக்காது என்று அக்கா இன்றுவரை சாதிக்கிறாள். நான் நம்பவில்லை. வைத்த ஸ்டேட்டஸை அழி என்று அப்பா சொன்னால் ஏன் என்று கேட்காத பெண் இருப்பாளா? கேட்டிருப்பாள். தெரிந்துகொண்டிருப்பாள். அட்டையை ஆதாரம் என்று கம்பெனி கேட்டு வாங்கியபோது எடுத்தும் கொடுத்திருக்கிறாள். மேனேஜர் மேஜைக்குள் போன அந்த அட்டை திரும்பி வரவே இல்லை.

அதன்பிறகு அக்காவை எந்த அச்சகமும் எடுக்கவில்லை. நேரில் போனால் வாங்க, உட்காருங்க என்பார்கள், முன்னே எந்தக் கம்பெனியில் இருந்தாய் என்று கேட்பார்கள், ஒரு ஃபோன் போடுவார்கள், சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். எங்கள் ஊரில் அச்சகம் இல்லையென்றால் மிச்சம் எது என்று சொல்லவேண்டியதில்லை. பெரியப்பா பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர். இடது காது கேட்காது, முழங்கைவரை தோல் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். இந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வெடிமருந்து தொடக்கூடாது என்று சொல்லித்தான் மகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்து அச்சகத்தில் விட்டார். இப்போது அக்கா தினமும் காலையில் வேனில் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். பேக்கிங்தான், மருந்துப் பக்கமே போவதில்லை என்கிறாள். வேன் வரும் நேரத்தில் பெரியப்பா ஏதாவது காரணம் சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.

இவ்வளவும் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நானும் இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டதாக நினைத்திருந்தேன், பிறந்தநாள் அட்டையைப் பிரிக்கும்வரை. பின்பக்கம் திருப்பினேன். அதே கம்பெனி. கைகளால் அன்போடு செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். ஆம், அச்சடித்திருந்தார்கள். திருட்டுக்கு ஆதாரம் என்று வாங்கிவைத்த பொருளை மாதிரியாக வைத்து ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். முருகனை எடுத்துவிட்டார்கள், எல்லோருக்கும் விற்கவேண்டுமே. மத்தாப்புப் பொறி அப்படியே இருக்கிறது. தோகை போன வழி அப்படியே இருக்கிறது. கால்நகத்துக்காக அவள் சுற்றி வந்த அந்தத் துருத்தல்கூட இருக்கிறது. நான் இந்தத் தொழிலில் இருப்பவன். ஓரத்தை இப்படி வெட்டத் தனியாக ஒரு வெட்டும் அச்சு செய்யவேண்டும், அதற்குச் செலவு உண்டு. ரோஜாப்பூவுக்கு நேர் ஓரம் போதும். அந்த வளைவு எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குக் கிளம்பினேன். பேருந்து முழுக்க மனத்துக்குள் வழக்குப் போட்டுக்கொண்டே போனேன். அக்கா குளித்துத் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். எதுவும் சொல்லாமல் அட்டையைக் கொடுத்தேன். முகப்பைப் பார்த்தாள், பொறிகளைப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை வலது ஓரத்தில் வைத்து மேலிருந்து இறக்கினாள். விரல் வளைவோடு போய்த் துருத்தலில் நின்றது. நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. பேக்கிங்தான் என்று சொல்கிறவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"மயில எங்கலே?" என்றாள்.

எடுத்துவிட்டார்கள் என்றேன். இதை விடப்போவதில்லை, எழுதப்போகிறேன், நாலு பேர் படிக்கட்டும் என்றும் வேகவேகமாகச் சொன்னேன். அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுது. எம் பேரப் போட்டுறாத. இப்ப போற கம்பெனிலயும் வெளிய வரும்போது பையத் தொறந்துதான் காட்டுதோம்." பிறகு உள்ளே போய்த் தன் கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அட்டையை இரண்டு பக்கமும் இன்னொருமுறை திருப்பிப் பார்த்தாள். "இதுல வெட்டக்கூடாததுன்னு ஒண்ணும் இல்லேல்ல?" என்று கேட்டாள். கேட்டது என்னையா, தன்னையேவா தெரியவில்லை. பதிலுக்கு நிற்காமல் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் நேராக வெட்டினாள். வளைவு மட்டும் தனியாக அவள் மடியில் விழுந்தது. அட்டையை என்னிடம் நீட்டினாள். "இந்தா, ஒம் பிறந்தநாள நீ வச்சுக்கோ." அந்தத் துண்டைத் தரவில்லை.

அட்டை இப்போது அலுவலகத்தில் என் மேஜைமேல் நிற்கிறது. நாலு ரோஜாப்பூ, எல்லோருடைய கையெழுத்து, நான்கு பக்கமும் நேரான ஓரம். எந்த உறைக்குள்ளும் போகும். பக்கத்து இருக்கைக்காரருக்கு வருத்தம். அதன் அழகே அந்த வளைவுதானே தம்பி, அதைப் போய் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். வெட்டியது நானில்லை என்றேன். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப்போட்டு, ஆனி மாதத்துக் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தேன்.