மஞ்சள் துணி கட்டிய மரம்

அக்கா, நீ பல்கலைக்கழகத்தில் படித்தாய். நான் படிவம் மூன்றோடு நின்று, மரம் வெட்டும் குத்தகைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். உன் விடுதிக்குப் பின்னால் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வெட்டும் வேலை எங்களுக்கே வந்தது. அங்கே கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

உன் பசுமை மன்றத்துப் பிள்ளைகள் கையெழுத்து வாங்கினார்கள், அட்டை பிடித்து நின்றார்கள். நிர்வாகம் அசையவில்லை. வெட்டுகிற நாள் காலையில் நாங்கள் லாரியை விட்டு இறங்கினால், மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி! விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். எங்கள் வேலைக்குழுவின் தலைவர், மண்டோர், என்னைப் போலவே சாஆ ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவர். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“டேய், உங்க அக்கா வேலதான இது?”

“தெரியாதுண்ணே.”

“பொய் சொல்லாத லா. யாரு கட்டுனாலும் கட்டியாச்சு. நான் கை வைக்க மாட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

தூரத்தில் நீ ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாய்.

ஆனால் துப்புரவு வேலை செய்கிறவர்கள், காவலர்கள், பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகள் என்று எல்லாரும் அந்த மரத்தைக் கும்பிட வர ஆரம்பித்தார்கள். பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பையும் குவிந்தன. வேர்மேல் கற்பூரம் ஏற்றியதில் மரப்பட்டை கருகிப்போனது. அதைப் பார்த்து நீ தலையில் கை வைத்தாய்.

“அலமாக்! காப்பாத்தப் போய் நானே கொளுத்திட்டேன் போல.”

“சாமியாக்குனது நீதான? நீயே கூட்டு.”

“வாயாடாம பையப் புடிடா.”

உன் மலாய்த் தோழியும் சீனத் தோழனும் கூட வந்து குப்பை பொறுக்கினார்கள். கும்பிட வந்த அம்மா ஒருவர் திட்டினார்: “சாமி எடத்துல செருப்போட என்ன வேல?” நீ செருப்பைக் கழற்றிவிட்டு, “பால பாக்கெட்டோட வைக்காதீங்கம்மா, செம்புல கொண்டாங்க. கற்பூரத்தத் தள்ளி வச்சு ஏத்துங்க. மரத்துக்குச் சுடுதும்மா” என்றாய். அவர் முறைத்தார். அடுத்த வாரம் செம்போடுதான் வந்தார்.

அதற்குள் உனக்கு டெங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலும், “மரத்த வெட்டிட்டாங்களா?” என்றுதான் கேட்டாய். நான் பதில் சொல்லும் முன்னே போய்விட்டாய்.

போன வாரம் மண்டோர் சொன்னார்: “கார் நிறுத்துற எடத்த வேற பக்கம் மாத்திட்டாங்கடா. மரம் தப்பிச்சிருச்சு.” நான் லாரிக்குப் பின்னால் போய் அழுதேன். இதை நீயல்லவா கேட்டிருக்க வேண்டும்?

இதைப் படிக்கிறவர்களே, என் அக்காவுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. எனக்கு உண்டு. எந்தச் சாமியானாலும் சரி, அவளுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.