பறக்காத நாளில் வாங்கிய கைதட்டல்

எங்கள் வீட்டில் நான்தான் கடைசி. அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா கண்டியில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. நான் விமானியானதும் எங்கள் வீடு இருந்த அம்பிட்டிய பக்கம் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரு பெரிய செய்தி. "இவ்வளவு சின்ன வயசிலயா!" என்று கேட்டவர்களிடம் அம்மா என் வயதை இன்னும் ஒன்று குறைத்தே சொன்னாள்.

அந்த வயதுதான் வேலையில் என்னைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் சேர்ந்தது உள்ளூருக்கும் பக்கத்து நாட்டு ஊர்களுக்கும் சின்ன விமானங்கள் ஓட்டும் ஒரு கம்பெனி. அங்கே எல்லாம் சீனியோரிட்டிதான். எந்த ஊரில் இருந்து வேலை செய்வது, எந்த நாள் லீவு, எந்த நாள் பறப்பது என்று ஒவ்வொன்றையும் மேலே இருப்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சியது கீழே வரும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவர் முன்னால். என்னோடு சேர்ந்தவர்களில் நான்தான் இளையவன். ஆகவே கம்பெனியின் விமானிகள் எல்லோருக்கும் கீழே என் பெயர் இருந்தது.

இதெல்லாம் சரியாகத் தெரியாத காலத்தில், பயிற்சி முடிவதற்குள்ளேயே, அக்காவுக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள். பல வருடங்களாகப் பேராதனையில் இருப்பவர்கள். மாப்பிள்ளையின் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, அம்மாவைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்கள்தான் தகப்பன் இடத்தில நிண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேணும். உங்களுக்கு எந்த நாள் வசதி?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க எந்த நாள் வச்சாலும் சரி மாமா. நான் லீவு எடுத்துக்குவேன்."

இரு வீட்டாரும் கத்தோலிக்கர்கள். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது என்பதால், உயிர்த்த ஞாயிறு கழிந்து வந்த சனிக்கிழமையைக் குறித்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் பக்கம், உறவுக்காரர்கள் வர வசதி என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. கம்பெனியில் இருக்கும் அத்தனை பேரும் லீவு கேட்கும் வாரம் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் அடி வேறு பக்கமிருந்து வந்தது. கொழும்புப் பக்கம் ரத்மலானையில் வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் வீடு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போட்டார்கள். அக்கா, "பரவால்லடா, என் மாமியார் ஊருதானே," என்று சிரித்தாள். இரண்டாவதாக, கேட்ட லீவு கிடைக்கவில்லை. மூன்றாவதாக, யாருக்கு எந்த நாள் வேலை என்று சொல்லும் ஏப்ரல் மாத ரோஸ்டர் வந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு எனக்கு ஸ்டான்ட்பை.

ஸ்டான்ட்பை என்றால் பறப்பதல்ல. பறக்க வேண்டிய ஒருவருக்கு முடியாமல் போனால் அவருக்குப் பதிலாகப் போவதற்கு, யூனிஃபோம் போட்டுக்கொண்டு காத்திருப்பது.

மாற்றிக்கொள்ள யாராவது கிடைப்பார்களா என்று தெரிந்த எல்லோரையும் கேட்டேன். ஒருவன் சம்மதித்தான், ஆனால் அவன் அதற்கு முந்தைய நாள் பறப்பதால் ஓய்வு நேரம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். ரோஸ்டர் போடும் சிங்கள அக்காவிடம் ஃபோனில் கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. "கரன்ன தெயக் நே, மல்லி," என்றார். ஒன்றும் செய்ய முடியாது தம்பி என்று, அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு, "அன்னைக்கு அவருக்கு ஃப்ளைட் விழுந்திருச்சு," என்று அம்மா சொன்னாள். நான் திருத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்பதை எப்படிச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே பலாலியில் எங்கள் சிறிய அறைக்குப் போய் உட்கார்ந்தேன். காலை விமானத்துக்கு வந்த துணை விமானி நல்ல தூக்கம் தூங்கிய முகத்தோடு வந்தார். சென்னைக்குப் போகிறவரும் வந்தார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்து நான் பறந்திருந்தாலாவது அம்மா சொன்னது உண்மையாகியிருக்குமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் முகம் சுட்டது. அவர்கள் போனார்கள். நான் தேநீர் குடித்தேன். அக்கா பூ வைத்துக்கொண்டு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மதியம் தாண்டியதும், இனிப் போகலாம் என்றார்கள்.

வாடகைக் கார் வெளியே காத்திருந்தது. வவுனியா தாண்டும்போது கோயிலில் பூசை தொடங்கியிருக்கும். தம்புள்ளையைத் தாண்டும்போது அம்மா எனக்கு ஃபோன் எடுத்தாள்; பின்னால் மணிச் சத்தம்.

"முடிஞ்சிருச்சு தம்பி. நேரா கல்யாண ஹோலுக்கு வா."

"வீட்டுக்குப் போய் கோட் சூட் மாத்திட்டு வர்றேம்மா."

"எதுக்கு? யூனிஃபோமோடயே வா. எல்லாரும் பாக்கட்டும்."

பையில் ஒரு சாதாரணச் சட்டை இருந்தது. அக்குறணையில் வாகனங்கள் நகராமல் நின்றபோது, இறங்கி ஏதாவது கடையில் கேட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. நான் இறங்கவில்லை. அம்மா சொன்னதற்காக மட்டும் என்று இப்போது சொன்னால் அது பொய். எல்லாரும் பார்க்கட்டும் என்று எனக்கும் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த ஹோலுக்குள் நுழைந்தபோது கேக் வெட்டி முடிந்து, அக்காவும் அத்தானும் மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள். மைக் வைத்திருந்தவர் என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"இதோ! நம்ம கெப்டன் வந்துட்டாரு! விமானத்த எறக்கிட்டு நேரா அக்காவோட கல்யாணத்துக்கு வந்திருக்காரு! பலமா ஒரு கைதட்டு!"

நான் கெப்டன் இல்லை. விமானம் எதையும் இறக்கவில்லை. கைதட்டல் மட்டும் உண்மையாக இருந்தது. எழுந்து நின்றும் தட்டினார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற புகைப்படக்காரர் மணமக்களை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார். பிள்ளைகள் தோளில் இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து படம் எடுத்தார்கள். மேடையில் அக்கா கையில் பூச்செண்டோடு, யாரும் பார்க்காமல் நின்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கட்டிக்கொண்டார்.

"எத்தினை மணிக்குத் தம்பி பிளேனை இறக்கினீங்கள்?"

"இன்னைக்கு நான் பறக்கல்ல மாமா. சும்மா உக்காந்துதான் இருந்தேன்."

"பகிடி விடாதேங்கோ!" என்று சிரித்தபடி முதுகில் தட்டிவிட்டு, தன் தம்பியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருவழியாக மேடைக்குப் போனேன். அக்கா என் சட்டைக் கொலரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"எங்கடா போன இன்னைக்கு? சென்னையா?"

"எங்கயும் இல்லக்கா. பறக்கக் கூப்பிடல்ல."

"அப்ப?"

"அங்கயே உக்காந்திருந்தேன்."

அவள் கை அப்படியே நின்றது.

"உனக்குப் பதிலா அம்மாதான் என்னக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்குக் கால் வலி. பாதிக் கோயில்ல நின்னுட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீ பறந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சு நான் மனசத் தேத்திக்கிட்டேன்டா."

புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். இருவரும் சிரித்தோம். அத்தான் எங்கள் இருவர் தோளிலும் கை போட்டார். அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

மறுநாள் காலை நான் பலாலிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அக்காவிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். "உன் மேல என்னா பிழை," என்றாள். ஆனால் ஒரு மாதம் அவளாக எனக்கு ஃபோன் எடுக்கவில்லை.

அந்த வருடத்தில் எங்கள் விமானிகளில் இரண்டு பேர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். எனக்குக் கீழே மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, அவர்கள் யார், எவர் என்று கேட்பதற்கு முன்பே நான் மகிழ்ந்தேன். டிசம்பர் ரோஸ்டரில் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு ஓய்வு கிடைத்தது.

நத்தார் காலை பூசை முடிந்து எல்லோரும் அக்கா வீட்டுக்குப் போனோம். மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா எனக்கு முன்னால் ஒரு தட்டில் கேக்கும் முறுக்கும் வைத்தாள்.

"நத்தாருக்கு எப்பிடிடா லீவு குடுத்தாங்க?"

"எனக்குக் கீழ மூணு பேர் வந்திருக்காங்கக்கா. இன்னைக்கு வேலைய அவங்களுக்குப் போட்டுட்டாங்க."

அக்கா எதிரே உட்கார்ந்தாள். குத்திக் காட்டுவதுபோல இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்த ஊருப் புள்ளைங்க?"

நான் யோசித்தேன். எட்டு வாரமாக அவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன்.

"கேட்டதே இல்லக்கா," என்றேன்.