இரண்டு பக்கத்தை ஒரே வரியாக்கிய வீரன்

போன சனிக்கிழமை, அலோர் ஸ்டார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். கரங்கான் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாம்.

"சார், பேப்பர் வந்தா உங்க பத்தியத்தான் முதல்ல படிப்பேன். வளவளன்னு இல்லாம என்னமா சுருக்கி எழுதுறீங்க லா!"

வேறு எழுத்தாளராக இருந்தால் உச்சி குளிர்ந்து அவருக்கு ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்திருப்பார். நானோ திருதிருவென்று முழித்தேன். சுருக்கி எழுதுவதில் என் மேல் ஒரு பழைய கேஸ் இருக்கிறது... சொல்கிறேன்.

நான் ஒரு வக்கீல் ஆபிஸில் கிளார்க் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பத்தி எழுதி யாராவது சோறு தின்ன முடியுமா? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆபிஸுக்கு ஒரு மருந்து ஒப்பந்தம் வந்தது. வெளிநாட்டு மருந்து ஒன்று. ஒரே மருந்து, இரண்டு வேலை. புற்றுநோய்க்கும் கொடுக்கலாம், ஒருவகைத் தோல் வியாதிக்கும் கொடுக்கலாம். வடக்கு மாநிலங்களில் புற்றுநோய்க்கு விற்கும் உரிமை எங்கள் ஊர் மருந்துக்கடை மாணிக்கம் அண்ணனுக்கு. 'மற்ற எல்லா நோய்க்கும்' விற்கும் உரிமை ஈப்போவில் இருந்த ஓர் ஏஜெண்டுக்கு.

அப்படியானால் எது புற்றுநோய், எது மற்ற நோய்? அதற்குத்தான் கம்பெனிக்காரன் இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். வாயில் நுழையாத பெயர்கள். மாணிக்கம் அண்ணன் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, சுசா லா! படிக்கவே கஷ்டமா இருக்கு. கொஞ்சம் சுருக்கக் கூடாதா?" என்றார்.

சுருக்குவதா? அதற்குத்தானே நான் பிறந்திருக்கிறேன்!

நான் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நமக்கும் வந்துவிடும் என்று பயம். குரலைத் தாழ்த்தி, "அவருக்குக் கட்டியாம்" என்பார்கள். அவ்வளவுதான், எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். தொண்டையில் கட்டி, மாரில் கட்டி, வயிற்றில் கட்டி. நான் கேள்விப்பட்ட புற்றுநோய் எல்லாமே கட்டிதான். ஆகவே இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு எழுதினேன்: 'புற்றுநோய் என்பது உடலின் எந்தப் பாகத்திலும் கட்டியாக வளரும் கொடிய நோய்.' இதை இங்கிலீஷில், வக்கீல் மிடுக்கோடு.

ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாமே? ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கிளார்க் ஒருவன் அறிவாளியாகிவிட்டால் அப்புறம் அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

கேட்டது ஒரே ஓர் ஆள். எங்கள் ஆபிஸ் டைப்பிஸ்ட் பிலோமினா அக்கா. டைப் அடித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நிறுத்தினார்.

"தம்பி, கட்டி இல்லாம அந்த நோய் வராதா?"

"அக்கா, நீங்க டைப் பண்ணுங்க. சட்டத்த நான் பாத்துக்கிறேன்."

பாஸ் படித்துவிட்டு முதுகில் தட்டினார். கம்பெனி மேனேஜரும் சுருக்கமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். அன்று நான் தரையில் நடக்கவே இல்லை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிலோமினா அக்காவின் கணவர் சவரிமுத்து அண்ணன், பஸ் டிரைவர். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், விடாத காய்ச்சல், படி ஏறினால் மூச்சு வாங்கல். பினாங்கு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஊசி மருந்தைத் தொடங்கியாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தாங்க மாட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கி வாருங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதே மருந்து!

"நம்ம மாணிக்கம் அண்ணன் கடையில இருக்கே தம்பி!" அழுத கண்ணோடு அக்கா சிரித்தார். "கவலப்படாதீங்கக்கா, நான் வாங்கிட்டு வரேன்" என்று சீட்டோடு கிளம்பினேன். பெரிய மனுஷனாட்டம்.

மாணிக்கம் அண்ணன் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டார்.

"கட்டின்னு எழுதியிருக்கு. ரத்தத்துல ஏதுய்யா கட்டி? மாசாமாசம் கம்பெனிக்காரன் வந்து சீட்ட ஒண்ணு விடாம பாக்குறான். நான் குடுத்துடுவேன்... ஏஜென்சி போயிட்டா அப்புறம் இந்த ஊர்ல எவனுக்குமே மருந்து கிடைக்காது. எந்த மடையன்யா இத எழுதுனது?"

மடையன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான்.

யோசித்துப் பாருங்கள். என் ஒரே வரியால் ரத்தப் புற்றுநோய் 'மற்ற நோய்' ஆகி, சொறி, படையோடு சேர்ந்து ஈப்போவுக்குப் போய்விட்டது. ஈப்போ ஏஜெண்டோ தோலுக்கான மாத்திரை மட்டும்தான் வைத்திருந்தார். ஊசி மருந்து அவரிடம் இல்லவே இல்லை. மாணிக்கம் அண்ணன் கடை ஐஸ்பெட்டியிலோ அடுக்கி வைத்திருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக என் கண்ணுக்கே தெரிந்தது.

வெறுங்கையோடு ஆபிஸுக்குத் திரும்பி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். செத்துவிடலாம் போலிருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "நான் கேட்டேனே தம்பி" என்றார். அது போதாதா?

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு. பேனாவ எடு. நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

எழுதினேன். முதலில் எடுத்துவிட்ட இரண்டு பக்கமும் அப்படியே திரும்ப வர வேண்டும். கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் எதைப் புற்றுநோய் என்கிறாரோ அதெல்லாம் புற்றுநோய். கடைசியாக, கொஞ்சமும் சிரிக்காமல் ஒன்று சொன்னார்: "இத எழுதுற கிளார்க்குக்கு அது தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி."

அதையும் எழுதினேன்.

கம்பெனி மேனேஜர் போனிலேயே சம்மதித்தார், ஈப்போ ஏஜெண்டும் கையெழுத்துப் போட்டால். மறுநாள் முதல் பஸ்ஸில் ஈப்போவுக்கு ஓடினேன். அந்த மனிதர் படித்துவிட்டு, "ரத்தத்தக் கொண்டுவந்து ஏன்டா நம்ம தலையில கட்டுனாங்கன்னு நானே ரொம்ப நாளா யோசிச்சேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எழுதியது யார் என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீரன் அல்லவா?

ஐந்தாவது நாள் சவரிமுத்து அண்ணனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பிழைப்பாரா என்று பல மாதம் தெரியாமல் இருந்து, பிழைத்தார். இப்போது பஸ் ஓட்டுவதில்லை. அதே பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறார். சனிக்கிழமை காப்பிக்கடையில் இருந்த என்னைப் பார்த்துக் கைகூட ஆட்டினார். கிராணி புகழ்ந்தபோது நான் ஏன் முழித்தேன் என்று இப்போது புரிகிறதா?

அக்கா சொல்லி நான் எழுதினேனே, அந்தக் கடைசி வரி... கையெழுத்துக்குப் போகும் முன் பாஸ் அதை அடித்துவிட்டார். என்னிடம் இருக்கும் தாளில் நான் இன்னும் அடிக்கவில்லை.