முதல் வரியில போட்ட பிள்ளையார் சுழி

சீ! இப்ப நெனச்சாலும் என் மூஞ்சியைக் கண்ணாடியில பாக்க எனக்கே பிடிக்கல.

பலாங்கொடை டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்க நாங்க ரெண்டு பேரு. தேயிலைத் தோட்டத்துலயிருந்து பஸ் புடிச்சு வர்ற நான் வெப்சைட் பக்கங்களை எழுதுவேன். ஓப்பநாயக்கவுலயிருந்து வர்ற சிங்கள அண்ணன் ஒருத்தரு சர்வரைப் பாத்துக்குவாரு. பேசிக்கிறது சிங்களத்துலதான்.

தோட்டத்துப் பங்களா ஒன்னை வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விட வெப்சைட் கேட்டிருந்தாங்க. மூணு மொழி. மொழிக்கு மொழி எழுத்தளவு மாறணும்னு பக்கத்தோட அலங்காரத்தைச் சொல்ற ஸ்டைல்ஷீட்டை பி.எச்.பி. கோடுல எழுதினேன். பக்கத்தைத் திறக்கிற நேரம் அதுவே அளவையும் கலரையும் எழுதிக் குடுக்கும். நல்லாத்தான் ஓடுச்சு. அண்ணன் புது சர்வருக்கு மாத்தினாரு, போச்சு! கலரும் இல்ல, ஒழுங்கும் இல்ல. வெறும் எழுத்து வாந்தி எடுத்த மாதிரி கெடந்துச்சு.

மொதலாளி பாத்துட்டு, "வியாழக்கிழமை பங்களாக்காரங்க வாராங்க. அதுக்குள்ள சரிவராட்டி, பிழை விட்ட ஆள் வீட்ட போக வேண்டியதுதான்"னாரு.

இந்த வேலை போனா மறுபடி கொழுந்துக் கூடைதான். "சர்வர்தான் பிழை! என் பைல் நேத்து வரைக்கும் ஓடுச்சே!"ன்னு கத்தினேன். பாவம் அண்ணன், ரெண்டு நாளா கான்பிகரேஷனை மாத்துறதும் சர்வரை நிப்பாட்டி ஓட விடுறதுமா இருந்தாரு. ஸ்டைல்ஷீட்டை 'சாதாரணப் பக்கம்'னு சொல்லி சர்வர் அனுப்புது, அதனாலதான் பிரவுசர் ஏத்துக்கலன்னு கண்டும் புடிச்சாரு. புதன்கிழமை பின்னேரம் என் மேசைக்கு வந்தாரு. தங்கச்சிங்கிறதுக்குச் சிங்களத்துல 'நங்கி'ன்னுதான் என்னைக் கூப்பிடுவாரு.

"நங்கி, சர்வர் பிழை குறிச்சு வைக்கிற லொக்ல ஒங்க பைலோட முதல் வரின்னு வருது. மேல இருக்கே, இது என்ன?"

பிள்ளையார் சுழி. பள்ளிக்கூடத்துக் கொப்பியிலயிருந்து வந்த பழக்கம். எதை எழுதினாலும் உச்சியில அதைப் போட்டாத்தான் எனக்குக் கை ஓடும்.

"அது எங்க சாமிக்குப் போடுறது. அதுல கை வைக்காதீங்க!" வெடுக்குன்னு சொன்னேன்.

சுட்டுட்ட மாதிரி ஸ்கிரீன்லயிருந்து கையை எடுத்துட்டாரு. மன்னிப்பு வேற கேட்டாரு.

வியாழக்கிழமை காலையில, பிழை யாரு பக்கம்னு மொதலாளி கேட்டாரு. "சர்வர் பக்கம்"னேன். அண்ணன் என்னை ஒரு தடவை பாத்தாரு. குடையையும் சோத்துப் பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு படியிறங்கினதும், நேத்து அவரு காட்டின அந்தச் சுழியை அழிச்சேன். பக்கம் பளிச்சுன்னு வந்து நின்னுச்சு. 'இது ஸ்டைல்ஷீட்'ங்கிற அறிவிப்புத்தான் முதல்ல போகணும். அதுக்கு முன்னால ஒரு எழுத்து போயிட்டாலும் அறிவிப்பு போகாது. பழைய சர்வர் எல்லாத்தையும் சேத்து வச்சு, அறிவிப்பை முன்னால விட்டு அனுப்பினதால நான் தப்பிச்சிருக்கேன்.

"கெட்டிக்காரி!"ன்னாரு மொதலாளி. ஈன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன், தூ! அவரு தொடக்கூடாதுன்னு நான் சொன்ன சாமியை, என் வேலைக்காக ஒரே தட்டுல அழிச்சவ நான்.

பஸ் ஸ்டாண்டு நாலு கடை தள்ளித்தான். அண்ணனோட ஓப்பநாயக்க பஸ் இன்னும் கிளம்பல, ஹோர்ன் அடிச்சு ஆள் கூப்பிடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் கதிரையை விட்டு எந்திரிக்கல.