பஞ்சுக் கிட்டங்கியில் முக்கால் மணி வெளிச்சம்

என் மகனுக்கு எட்டு மாதம். சேரன்மகாதேவி சாலையில் இருந்த ஒரு நூற்பாலை அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பணி நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் போக வேண்டும். வேலைக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டால் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

வெளிநாட்டில் நூல் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப, மில்லைப் பற்றி ஒரு வீடியோ எடுக்க முடிவானது. முதலாளி உட்கார்ந்து நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அந்த உரையைத் தட்டச்சு செய்தவள் என்பதால், இடம் பார்க்க மேனேஜரோடும் மதுரையிலிருந்து வந்த வீடியோக்காரரோடும் என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போனோம். பின்னால் வயல், முன்னால் தண்ணீர்; பார்க்க அவ்வளவு அழகு. வீடியோக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். "காத்து பூராவும் மைக்குக்குள்ள வருது சார்" என்றார். அடுத்துப் பார்த்த தோப்பில் எங்கோ ஒரு கோயில் கொடை விழாவின் ஒலிபெருக்கி. முதலாளியின் அறைக்குத் திரும்பினால் சுவரைத் தாண்டி இயந்திர இரைச்சல். முதலாளிக்கோ மெதுவான குரல். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

"இங்க எடுத்தா மிஷின்தான் பேசும். அவரு பேச மாட்டாரு" என்றார் வீடியோக்காரர்.

"அப்பம் எங்கதான் எடுக்கணும்ங்கீரு? ஊமைப் படமா எடுத்து அனுப்பிருவமா வே?" என்று மேனேஜர் எரிந்து விழுந்தார்.

எனக்கு ஓர் இடம் தெரியும். சொன்னால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்டது இடம்தானே, தெரிந்தும் மறைப்பது வேலைக்குத் துரோகம் இல்லையா என்றும் நினைத்தேன். நான் முடிவு செய்வதற்குள் வாய் திறந்துவிட்டது.

"பஞ்சுக் கிட்டங்கி சார். சுத்தி பஞ்சுப் பொதி பேல் பேலா அடுக்கியிருக்கதால உள்ள ஒரு சத்தமும் வராது."

"அங்க லைட்டு போட முடியாதேம்மா. ஒரு பொறி பட்டா மில்லே போயிரும்" என்றார் மேனேஜர்.

"லைட்டு வேண்டாம் சார். கூரையில கண்ணாடி ஓடு இருக்கு. பதினொன்றரையிலேருந்து பன்னெண்டேகால் வரைக்கும் நடுவுல நல்ல வெளிச்சம் விழும்."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிட்டங்கிக்குள்ள உனக்கு என்னம்மா வேலை?"

சொன்னேன். தினமும் பதினொன்றரைக்கு என் நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில்லின் பின்வாசலுக்கு வருவாள். அவன் சின்னச் சத்தத்துக்கும் பால் குடிப்பதை விட்டுவிட்டு அழுவான். பஞ்சு சேமிக்கும் அந்தக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி கதவைத் திறந்துவிடுவார். பேல்களுக்கு நடுவே ஒரு பலகைப் பெட்டியில் உட்கார்ந்து, பஞ்சுத் தூசி படாமல் அவன் மூக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு பால் கொடுப்பேன். வெளிச்சம் பெட்டியிலிருந்து நகர்ந்து என் கால்விரலுக்கு வந்ததும் எழுந்துவிடுவேன். சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்குத்தான். நான் எடுத்தது அலுவலக நேரம்.

மேனேஜர், "அதைப் பொறவு பேசுவோம்" என்றார். அந்தப் 'பொறவு' எப்போது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

படப்பிடிப்பு அன்று அண்ணாச்சி வாசலில் வழிமறித்து நின்றார். "தம்பி, லைட்டுப் பெட்டியெல்லாம் வாசலோட சரி. நானே தீப்பெட்டிய வீட்டுல வச்சிட்டுத்தான் வாரேன்." வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே கேமராவை மட்டும் உள்ளே கொண்டுபோனார்.

முதலாளி அதே பலகைப் பெட்டியில் உட்கார்ந்தார். பெரிய எழுத்தில் அடித்த தாள்களைப் பிடித்துக்கொண்டு நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். பதினொன்றரைக்கு வெளிச்சம் இறங்கியது. அவர் தோளில், வெள்ளைச் சட்டையில், பின்னால் இருந்த பேல்களின் சாக்கில் விழுந்தது. அவர் குரல் அத்தனை தெளிவாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தாள்களை அடிக்கும் அவசரத்தில் நாத்தனாரிடம் சொல்ல மறந்தது பிறகுதான் உறைத்தது. என் பிள்ளை வரும் நேரமும் இதுதான். அவன் வெளியே அழுதால் உள்ளே கேட்காது. அந்த அமைதியைப் பெருமையாகச் சொன்னதே நான்தான். மார்பு கனத்து ரவிக்கை நனைய ஆரம்பித்தது. தாளை உயர்த்தி மறைத்துக்கொண்டேன். முதலாளி ஒரு வரியில் தடுமாறி மறுபடி தொடங்கினார். தாள் மட்டும் ஆடக் கூடாது என்று நினைத்தபடி நின்றேன்.

வெளிச்சம் பெட்டியை விட்டு விலகுவதற்கு முன் முடிந்துவிட்டது. "ஒரு சத்தம் இல்ல சார், அருமை" என்றார் வீடியோக்காரர்.

கதவைத் திறந்ததும் அழுகைச் சத்தம் முகத்தில் அடித்தது. நாத்தனார் வியர்த்துப்போய் நின்றாள். "என்ன மைனி, பிள்ளை தொண்டை கட்டுத வரைக்கும் கத்துதான். உள்ள சினிமாவா பாக்கீங்க?" என்றவள், பின்னால் வந்த முதலாளியைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு பிள்ளை இது?" என்றார் முதலாளி.

இப்போது போயிற்று வேலை என்று நினைத்தேன். மேனேஜர்தான் முந்திக்கொண்டார். "இந்த இடத்தக் கண்டுபிடிச்ச பொண்ணோட மகன் சார். தெனமும் இந்நேரம் உள்ள இருந்துதான் பால் குடிப்பானாம். இன்னைக்கு நம்ம அவன் இடத்தப் புடிச்சுக்கிட்டோம்."

முதலாளி என்னையும், ஈரத்தை மறைத்து நான் பிடித்திருந்த தாள்களையும் பார்த்தார். "பிள்ளையக் கொண்டு போம்மா உள்ள" என்றார். அண்ணாச்சியிடம், "கதவைப் பையச் சாத்தும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து என் பணி நிரந்தர உத்தரவை நானேதான் தட்டச்சு செய்தேன். தேதியில் ஓர் எண் தவறியதால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன். இரண்டாவதும் சரிதானா என்று மூன்று முறை பார்த்த பிறகே மேனேஜரின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

வீடியோவின் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரியவனாகிவிட்ட மகனுக்குப் போட்டுக் காட்டியபோது, "இதுல நீ எங்கம்மா இருக்க?" என்று கேட்டான். முதலாளி உட்கார்ந்திருந்த பெட்டியைத் தொட்டுக் காட்டி, "இது உன் இடம்" என்றேன்.