மேக்னம் துவக்கும் பங்கு இறைச்சியும்

போன வெள்ளிக்கிழமை மகள் கோப்பன்ஹேகனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். இந்த வசந்தத்தில் வேட்டை அனுமதிப் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டாள். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடப் படியேறாத வீட்டில் பிறந்த பிள்ளை, துவக்கோடு காட்டுக்குப் போகிறது. என்ன செய்யலாம், காலம் அப்படி. இலையுதிர் காலத்தில் கூட வேலை செய்பவர்களோடு ஸ்வீடனுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறாளாம். எல்க் என்றால் எங்கள் ஊர் மரையைவிடப் பெரியது, குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். "அப்பா, பெரிய மிருகத்துக்கு மேக்னம் தோட்டா வேணுமா, வேண்டாமா?" என்று டெனிஷில் கேட்டாள். நான் தமிழில் விளக்கம் தொடங்கினேன். இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகு, "ஓமோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள், அதுவும் டெனிஷில்தான். வேண்டாம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதைக்கு அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாளில் நான் ஒரு வெடிகூட வைத்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஸ்கீவ என்ற சின்ன நகரத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் காலுறையும் சப்பாத்தும் அடுக்கியபோது காதில் விழுந்தவை. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் இருந்த பெண்மணி என்னைப் பயிற்சி வேலைக்கு அங்கே அனுப்பினார். சுவர் நிறையத் துவக்குகள் தொங்கும் கடை, உனக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று கேட்டார். நான் கேள்வி முழுவதையும் விளங்கிக்கொள்ளாமல், இல்லை என்று உற்சாகமாகத் தலையாட்டினேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஏழு கடல் கடந்து வந்தவனை, துவக்குகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதல் மாதம் கடைக் கதவு காற்றில் அடித்தால்கூட நான் காலுறை அலுமாரிக்குப் பின்னால் குந்தியிருப்பேன். கேட்டால், கீழே விழுந்ததைப் பொறுக்குகிறேன் என்பேன். கடைக்கார இங்கர், "உன்ரை பக்கத்திலை மட்டும் எப்பவும் சாமான் விழுது" என்பாள்.

இங்கர் அறுபது வயது விதவை. கட்டையான உருவம், கனத்த குரல். அந்தக் கடையின் மணம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. துவக்குக்குப் பூசும் எண்ணெய், தோல், மெழுகு பூசிய மழைச் சட்டை, இவற்றுக்கு மேலே காலையில் போட்டு மத்தியானம் வரை சூட்டிலேயே கிடக்கும் கோப்பி. பெரிய பெரிய ஆண்கள் வந்து மேக்னம் கேட்பார்கள். மேக்னம் என்றால் வேறொன்றுமில்லை, நீண்ட தோட்டாக் கோதுக்குள் கூடுதல் வெடிமருந்து. சன்னம் வேகமாகப் பறக்கும், அதற்கேற்ற உதையும் தோளில் விழும். கேட்டு வருபவர்களிடம் இங்கர், "மானுக்குப் பெட்டியிலை எழுதியிருக்கிறதை வாசிக்கத் தெரியாது" என்பாள். சொல்லிவிட்டு விற்கவும் செய்வாள். கடை அல்லவா.

இந்த இடத்தில் யோகனைச் சொல்ல வேண்டும். யோகன் என் வயதுக்காரன், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவன், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பெந்தகொஸ்தே சபைக்காரன். ஞாயிற்றுக்கிழமை அவன் பாடினால் சபைக் கண்ணாடிகள் அதிரும். தொழிற்சாலையில் அவனுடைய மேலாளர் ஐனர் என்ற டெனிஷ்காரர், ஒரு வேட்டைக் குழுவின் தலைவர். பன்னிரண்டு பேர் சேர்ந்து காட்டுத் துண்டொன்றைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையாடுவார்கள். அதில் ஒருவர் காலமாகிப் போனதால் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. யோகன் கேட்டான். ஒரு பருவம் விருந்தாளியாக வா, முடிவில் வாக்கெடுப்போம் என்றார்கள்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆறு வருடமாக மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் வேட்டைக் கதை கதைக்க, மேசையின் மறுமுனையில் சோற்றுப் பெட்டியோடு தனியே இருந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. "இந்த நாட்டிலை என்னை வா எண்டு கூப்பிட்டது இதுதான் முதல் தரம்" என்றான் என்னிடம். ஐந்து மாதம் படித்துப் பரீட்சை எழுதினான். இங்கரிடம் பழைய ஆறரை மில்லிமீட்டர் துவக்கு ஒன்று வாங்கினான்.

முதல் வேட்டையிலேயே அது நடந்தது. பெரிய பெட்டை மான் ஒன்றைச் சுட்டான். வெடி பின்பக்கமாய் வயிற்றில் பட்டு, அது காயத்தோடு ஓடிவிட்டது. அப்படி ஓடினால் இரத்த வாடை பிடிக்கிற நாயைக் கூப்பிட்டுத் தேட வேண்டும் என்பது இங்கே கட்டாயம். மறுநாள் காலையில் நாய் கண்டுபிடித்தபோது மானுக்கு உயிர் இருந்ததாம். ஐனர் கத்தவில்லை. அவனைத் தனியே கூப்பிட்டு, "இன்னொருதரம் இப்பிடி நடந்தால், கை தூக்கச் சொல்லி மற்ற ஆக்களை நான் கேக்க ஏலாது" என்றார். அவ்வளவுதான்.

யோகன் நேரே கடைக்கு வந்தான். "துவக்குக்கு வலு காணாது. மேக்னம் தா" என்றான். ஆறரையை இங்கரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையிலேயே பெரிய முந்நூறு மேக்னத்தை எடுத்தான். "ஸ்வீடன்காரர் இந்த ஆறரையாலைதான் எல்க்கே சுடுகினம்" என்றாள் இங்கர். அவன் காதில் அது ஏறவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. பத்துப் பேருக்குச் சமைக்க முப்பது பேரின் சட்டி எடுப்போம். நாலு பேர் குடும்பத்துக்கு எட்டுப் பேர் ஏறும் வாகனம் வாங்குவோம். நானும் அப்படித்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டு பொதி கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சுடும் பயிற்சி மைதானத்துக்குத் துணைக்குப் போனேன். அங்கேதான் கவனித்தேன். விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால் யோகன் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுகிறான்.

"டேய், கண்ணை மூடுறாய்."

"செபிக்கிறனான்" என்றான்.

கர்த்தரின் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன கதைக்கிறது. சைவக்காரன் வேறு. அடுத்த தோட்டாவை எடுத்து நீட்டினேன்.

கார்த்திகையில் அந்த மேக்னத்தால் ஒரு சின்ன மானை விழுத்தினான். இருபது அடி தூரத்தில் நின்ற மானாம், கண்ணை மூடினாலும் தப்பாது. சந்தோஷத்தில் ஸ்கீவவில் இருந்த மற்ற நாலு தமிழ் வீடுகளுக்கும் சொல்லிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை ஐந்து பங்கு என்று.

பங்கு இறைச்சி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் ஆட்டை வெட்டினால் கூறு கூறாகப் போடுவோம். ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், முன்னந்தொடை எலும்போடு கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பங்கு இல்லை. யோகன் வீட்டுக் கராஜில் பிளாஸ்டிக் விரித்து மானை வெட்ட இறங்கினோம். தோலை உரித்துப் பார்த்தோம். இரண்டு முன்னந்தொடைகளும் கறுத்த இரத்தம் கட்டி, எலும்பு நொறுங்கி, கையால் அள்ளும் கூழாகக் கிடந்தன. டெனிஷ்காரர் என்றால் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த எலும்புதானே கறி. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "சுட்டனீங்களோ, மிதிவெடி வைச்சனீங்களோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். யோகன் சிரிக்கவில்லை. ஐந்து கூறும் சரியாக வரவே இல்லை. ஒரு வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நான்கு வருடம் தாண்டியும் அதைச் சொல்லிக் காட்டினார்.

அன்றைக்குக் கை கழுவும்போது எனக்கு மனம் கேட்கவில்லை. மார்கழியில் கடைசி வேட்டை, பெரிய மான்களுக்கானது. அது முடிந்த கையோடு வாக்கெடுப்பு. இவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடி இடிக்கிற துவக்கை வெடிக்கவைத்து இன்னொரு மானைக் காயப்படுத்தினால், ஆறு வருடம் காத்திருந்த மேசை அவனுக்குக் கிடைக்காது. சொன்னால் கேட்கவும் மாட்டான்.

இங்கரின் மேசை லாச்சியில் மருந்தில்லாத தோட்டாக்கள் இருந்தன. துவக்கில் ஏற்றி இறக்கிக் காட்டுவதற்கு வைத்திருப்பாள், பார்வைக்கு அசல். கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை, சிரித்தாள். சனிக்கிழமை மைதானத்தில் யோகனுக்குத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு அசல் வெடித்தன. மூன்றாவதாகப் பொய்த் தோட்டாவைக் கொடுத்தேன்.

விசை 'டிக்' என்றது. வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் யோகனுடைய தோள் துள்ளியது. துவக்குக் குழல் ஒரு சாண் கீழே போனது. கண் இறுக்கி மூடியிருந்தது, தலை தோளுக்குள் புதைந்திருந்தது. விழாத உதையை வாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தான்.

அவன் கண் திறந்தபோது நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, காரில் ஏறி, என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். நல்ல மழை. வீடு வரைக்கும் நடந்தேன். கூட்டாளியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன், வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தான். மேக்னத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, காலுறை அலுமாரிப் பக்கம் என்னிடம் வந்தான்.

"செபம் இல்லை" என்றான். "வெடிச் சத்தம் வரப்போகுது எண்டாலே நான் ஊரிலை சண்டைக்கு ஒளிச்சிருந்த பங்கருக்குள்ளை போயிடுறன். முதல் மானும் அதாலைதான் காயப்பட்டது. பெரிய துவக்கு வைச்சிருந்தால் பயந்தவன் எண்டு ஒருத்தரும் நினைக்கமாட்டினம் எண்டு வாங்கினனான். அது இன்னும் பெரிய சத்தம்."

"நான் ஒரு மாசம் இந்த அலுமாரிக்குப் பின்னாலைதான் குந்தியிருந்தனான். கதவுச் சத்தத்துக்கு" என்றேன். அதுவரைக்கும் நான் ஒருவருக்கும் சொல்லாத விஷயம் அது. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். கல்லாவில் இருந்த இங்கர் எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பாள்.

அவனுடைய ஆறரை விற்கப்படாமல் பின்னறையில் கிடந்தது. தூசு தட்டிக் கொடுத்தாள். அடுத்த மூன்று வாரமும் வேலை முடிந்து தினமும் மைதானம்தான். அசலும் பொய்யுமாக மாற்றி மாற்றிக் கொடுப்பேன், எது வருகிறதென்று அவனுக்குத் தெரியாது. தோள் மெல்ல மெல்ல அடங்கியது. கண் ஒரு கிழமை எங்களோடு சண்டை பிடித்தது. பிறகு அதுவும் திறந்தபடி நிற்கப் பழகிக்கொண்டது.

கடைசி வேட்டைக்கு என்னையும் மானைக் கலைத்துவிடும் ஆளாகக் கூப்பிட்டார்கள். தொப்பியில் செம்மஞ்சள் பட்டி கட்டிக்கொண்டு, தடியால் மரங்களைத் தட்டித் தட்டி நடந்தேன். ஊசியிலை மரங்களின் ஈர மணம். யோகன் நின்ற பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. இரண்டாவது வெடி இல்லை. காயப்படுத்தியிருந்தால் இன்னொன்று கேட்டிருக்கும், ஒரேயடியாகத் தவறவிட்டானோ என்று நினைத்தபடி அந்தப் பக்கம் நடந்தேன். போய்ப் பார்த்தபோது, வெடி பட்ட இடத்திலிருந்து முப்பது அடிக்குள் பெரிய பெட்டை மான் விழுந்து கிடந்தது. நெஞ்சில் சின்ன ஓட்டை. ஐனர் குனிந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், யோகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செபிச்சியோ?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"சுட்டாப்பிறகு செபிச்சனான்" என்றான். கண் கலங்கியிருந்தது.

பதினொரு பேரும் கை தூக்கினார்கள். அவனைப் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் கராஜில் ஐந்து கூறும் தராசு வைக்காமலே சரியாக வந்தன. முகத்தைத் தூக்கியவர்கூட ஈரல் நல்லது என்றார்.

அந்தக் கடை இப்போது நகத்துக்கு நிறம் பூசும் இடம். இங்கர் காலமாகிவிட்டாள். ஐந்து வீடுகளில் நாங்கள் ரண்டர்ஸ் நகரத்துக்கு வந்துவிட்டோம், இரண்டு வீட்டார் லண்டன், ஒருவர் பிள்ளைகளோடு கோப்பன்ஹேகன். இறைச்சி எல்லோருக்கும் கடையில் காற்றுப் புகாத பைக்குள் வருகிறது, எலும்பில்லாமல். ஐனரும் காலமாகி நாலு வருடம். மற்றவர்களும் முழங்கால், இதயம், காது என்று ஒவ்வொருவராக விலக, கடைசியில் குழுத் தலைவன் யோகன்தான். குழுவில் மிச்சமும் யோகன்தான். போன மாசி மாதம் தனியே நின்று காட்டுக் குத்தகையை இனி வேண்டாமென்று முடித்துக் கையெழுத்து வைத்தான், குழுவும் அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்ததாம். ஸ்கீவவுக்குப் புதிதாகக் குடிவந்த டெனிஷ் இளைஞன் ஒருவன். இங்கே எனக்கு யாரையும் தெரியாது, உங்கள் குழுவில் ஓர் இடம் இருந்தால் விருந்தாளியாகவாவது வரலாமா என்று கேட்டிருந்தான். யோகன் அதைத் தொலைபேசியில் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். பதில் போட்டாயா என்று கேட்டேன்.

"இல்லை எண்டு எழுத வேணுமே" என்றான். "மூண்டு நாளாய் மேசையிலை கிடக்குது. எழுதக் கை வரேல்லையடா."