நூலகர்களின் சனிக்கிழமை

தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய தெரு ஒன்றில் இருந்த கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் நான் நூலகராக இருந்தேன். பொறியாளர்கள் நிறையப் பேர், வரைபடப் பிரிவில் சிலர், கணக்குப் பிரிவில் சிலர். நூலகர் நான் ஒருத்திதான். கணக்குப் பிரிவில் ஒரு வவுச்சரை நடுவில் வைத்துக்கொண்டு காலை முழுக்க வாதாடுவார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். மண் பரிசோதனையைப் பற்றிய புத்தகத்தை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று நான் யாரோடு வாதாடுவது? புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று அங்கே பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

ஊரில் என்னைப்போல ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு நூலகர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஏதாவது கட்டுரையின் நகல் வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் போன் செய்வோம். அப்படிக் குரலாக மட்டும் எனக்குப் பழக்கமானவர் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகர். வயதில் மூத்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் வசதி வந்தது. இருந்த ஒரே மோடம் ஃபேக்ஸ் லைனில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எனக்குக் கிடைக்கும். அது கீச்சிட்டு இரைந்து அடங்கும்வரை நான் தயிர்சாத டப்பாவோடு காத்திருப்பேன். அந்தச் சமயத்தில்தான் மேடம் நூலகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். தமிழ் எழுத்து அந்தக் கணினிகளில் வராது என்பதால் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். ஆனால் யாரும் எழுதவில்லை. வந்து சேர்கிறதா என்று ஒருவர் கேட்டார், சேர்ந்தது என்று இன்னொருவர் சொன்னார். பொங்கல் வாழ்த்து ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

"எல்லாரும் படிக்கறா, யாரும் வாயைத் தெறக்கலை" என்றேன் போனில்.

"மொகம் தெரியாதவா நடுவுல எனக்கு இது தெரியலேன்னு எப்படிம்மா எழுதுவா? ஒருநாள் எல்லாரும் சேர்ந்து ஒக்காந்து காபி சாப்பிடுவோம். அப்பறம் பாரு" என்றார் மேடம்.

மந்தைவெளியில் அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றில், சனிக்கிழமை மதியம் ஒரு வகுப்பறை கிடைத்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். சந்தா கட்டிய வெளிநாட்டுப் பத்திரிகைகள் வராமல் போவதையும், படிக்க எடுத்துப்போன புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மேலதிகாரிகளையும் பற்றிப் பேசித் தீர்த்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். இத்தனை வருஷம் பேச ஆள் இல்லாதவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

மேடம் சொன்னபடியே நடந்தது. திங்கட்கிழமையிலிருந்து மின்னஞ்சலில் கேள்விகள் வர ஆரம்பித்தன. சனிக்கிழமைக் கூட்டமும் மாதாமாதம் என்று ஆயிற்று.

குழுவில் எந்தக் கேள்வி விழுந்தாலும் முதலில் பதில் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். கே.கே. நகரில் ஒரு மருந்து கம்பெனியின் நூலகர். கடற்கரையோரக் கட்டிடங்களில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிய கட்டுரை ஒன்று எங்கள் பொறியாளருக்கு வேண்டியிருந்தது. நான் எழுதிய மறுநாளே அது எந்த நூலகத்தில், எந்தத் தொகுப்பில் இருக்கிறது, அந்த நூலகத்தில் யாரைப் பார்க்கவேண்டும், அவர் எப்போது டீ குடிக்கப் போவார் என்பதுவரை எழுதியிருந்தார். அவர் எழுத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். ஆனால் ஒரு கூட்டத்துக்கும் அவர் வந்ததில்லை. "அடுத்த முறை முயல்கிறேன்" என்று எழுதுவார். போன் செய்தால் வேறு யாரோ எடுத்து, "சார் உங்களுக்கு மெயில் அனுப்புவாரு" என்பார்கள்.

வங்கிப் பயிற்சி மையம் ஒன்றின் நூலகருக்கு இது பிடிக்கவில்லை. "நாம மட்டும் லீவு நாளை விட்டுட்டு வரணும், அவரு மெயில்லயே குடும்பம் நடத்துவாரா? மூணு மீட்டிங் வராதவங்க பேரை குரூப்புலருந்து எடுத்துடலாம்" என்றார். இரண்டொருவர் தலையாட்டினார்கள்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒன் தங்கை இருக்கறது கே.கே. நகர்லதானே? போறச்சே அவரைப் பாத்துட்டு வா."

போனேன். நூலகத்தில் வாசலைப் பார்த்தபடி மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பதில் இல்லை. திரும்பினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் பாத்து, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார். குரல் அந்த அறைக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. "எனக்குக் காது கேக்காது. காலேஜ்ல படிக்கறப்ப காய்ச்சல்ல போயிடுச்சி."

நான் என் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. துருப்பிடித்த கம்பி என்னவாயிற்று என்று விசாரித்தார். கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தர் பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். எல்லாரும் பேசினா எந்த உதட்டைப் பாக்கறது?" என்றவர், "மொதல் மீட்டிங்குக்கு வந்தேங்க" என்றார். "ஜன்னல் வழியா பாத்தேன். எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க. எதுக்குன்னு தெரியல. அப்படியே பஸ் ஏறிட்டேன்."

நான் கிளம்பும்போது, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. மெயில்ல நான் வெறும் லைப்ரரியன். அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

"சொல்ல மாட்டேன். ஆனா நாங்க பேசறதையெல்லாம் போர்டுல எழுதினா வருவீங்களா?"

அவர் எனக்கு டீ வரவழைத்தார்.

அடுத்த கூட்டத்தில், வர முடியாதவர்களுக்கும் நாம் பேசுவது போய்ச் சேரவேண்டும், அதனால் பேசப் பேசக் கரும்பலகையில் எழுதி, பிறகு மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றேன். மேடம் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நல்ல யோசனைதான், நீயே எழுது" என்றார்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் என்னால் எழுத முடியாது. நான் கையை நிறுத்துவேன், அவர்களும் நிறுத்துவார்கள். முதலில் எரிச்சல்பட்டார்கள். பிறகு ஒன்று கவனித்தேன். இதுவரை வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த பள்ளி நூலகர் ஒரு பெண், தன் முறை வரும் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார். கூட்டக் குறிப்புகள் மின்னஞ்சலில் போகப் போக, நாங்கள் அறியாதவர்களெல்லாம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினார்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை மருந்து கம்பெனி நூலகர் வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு முன்பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எழுத எழுதப் படித்தார். யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்ல, அதையும் எழுதினேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் மட்டும் தனியாகச் சிரித்தார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"எனக்குக் காது கேக்காது. கேள்வியை எழுதுங்க, பதில் சொல்றேன்" என்றார்.

வங்கிப் பயிற்சி மைய நூலகர் எழுந்துவந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். இன்சூரன்ஸ் தொடர்பாகத் தான் தேடிக்கொண்டிருந்த அறிக்கை ஒன்று எங்கே கிடைக்கும் என்று பலகையில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே நின்றார். பேரை நீக்கும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ அந்த மருந்து கம்பெனி வேறு ஊருக்கு மாறுவதாக முடிவாயிற்று. நூலகத்தைக் கொண்டுபோகிற உத்தேசம் அவர்களுக்கு இல்லை. அவர் அதை இரண்டு வரியில் குழுவுக்கு எழுதினார். அந்த இரண்டு வரியில் சிரிப்பு இல்லை. மறுநாள் மதியம் நான் பார்த்தபோது எத்தனையோ பதில்கள். அடையாறில் ஒரு கல்லூரிக்கு நூலகர் தேவை என்று பள்ளி நூலகர் எழுதியிருந்தார். வங்கிக்காரர் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று ஒரு பக்கத்துக்கு யோசனை சொல்லியிருந்தார்.

மருந்து கம்பெனிக்காரரின் நேர்முகத் தேர்வுக்கு முன்னால் மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனார். கேள்விகளை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் போனோம். முதல்வர் ஒத்துக்கொண்டார். ஆனால் தயங்கினார். "எல்லாம் சரிங்க. காது கேக்காதவர் பசங்களை எப்படிச் சமாளிப்பார்?"

மேடம் சாவகாசமாகச் சொன்னார்: "லைப்ரரியில யாரும் பேசப்படாதுன்னுதானே சார் போர்டு மாட்டி வெச்சிருக்கேள்?"

முதல்வர் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் நம் மருந்து கம்பெனி நூலகர் அங்கே வேலையில் சேர்ந்தார்.